எழுந்து போக முடியாத ஞாயிற்றுக்கிழமை

செஸ்டர் பிளாண்டனைப் பற்றி முதலில் நல்லதாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அப்புறம் ஆரம்பிக்க வேண்டும் என்று என் மனைவி பெர்னிஸ் கேட்டுக்கொண்டாள். யோசித்துப் பார்த்தேன். அவனுக்கு இரண்டு காதும் ஒரே உயரத்தில் இருக்கின்றன. சொல்லிவிட்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

கடல் மாதிரி ஒரு ஏரியின் கரையில் இருக்கிற எங்கள் கான்ராய் ஹார்பரில் இரண்டு அணிகள். கோடையில் பேஸ்பால் ஆடும் ஸ்டோக்கர்ஸ். குளிர்காலத்தில் ஃபுட்பால் ஆடும் ஹேமர்ஸ். ஃபுட்பால் என்றதும் காலால் உதைப்பதை நினைக்காதீர்கள். இது முட்டை மாதிரி ஒரு பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒருவன் ஓட, எதிரணியில் பதினோரு பேர் அவன் மேல் விழுவது. எங்கள் ஹேமர்ஸில் ஓடுகிறவன் தானாகவே விழுந்துவிடுவான். அந்தப் பதினோரு பேருக்கும் வேலை மிச்சம்.

இரண்டு அணிக்கும் முதலாளி ஒருவனே. அதுதான் எங்கள் ஊரைப் பிடித்த சீக்கு. மற்ற ஊர்களில் கோடையில் ஒருவனைத் திட்டலாம், குளிரில் வேறொருவனைத் திட்டலாம், நாக்குக்கு ஒரு மாறுதல் உண்டு. எங்களுக்கு வருஷம் முழுக்க ஒரே பிளாண்டன்.

அவன் அப்பாவும் முதலாளியாக இருந்தவர்தான். மெத்தைக் கடை வைத்துப் பணக்காரரானவர். அவரும் மோசமான முதலாளி. ஆனால் மோசமாக இருப்பதற்கு அந்த மனிதர் உழைத்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பயிற்சியாளரை வேலையை விட்டு நீக்குவார், சனிக்கிழமை காலையில் வீட்டுக்குப் போய் அழுது கூட்டிவருவார். தோற்றால் எங்களோடு உட்கார்ந்து எங்களைவிடக் கேவலமாகத் திட்டுவார். மகன் அப்படி இல்லை. ஃப்ளோரிடாவில் இருந்துகொண்டு ஹெலிகாப்டரில் வருவான், கண்ணாடி அறையில் உட்காருவான், ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தில் மூன்றாவதில் இறால் சாப்பிடுவான், போய்விடுவான். தோற்றோமா ஜெயித்தோமா என்றுகூடக் கேட்க மாட்டான். அப்படிப்பட்டவனுக்கு ஒரு அணி எதற்கு, ஒரு மீன்தொட்டி வாங்கிக்கொள்ளக் கூடாதா?

அவன் செய்ததெல்லாம் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள், நான் பொய் சொல்வதில்லை என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும் என்றாலும். விளம்பரத்துக்காக பந்தை அடித்தவன் ஓடிப்போய்த் தொட வேண்டிய மூன்று பேஸ்களையும் பிடுங்கிவிட்டு அங்கே அவன் கடையின் சின்ன மெத்தைகளைப் போட்டான். எங்கள் ஆள் ஒருவன் இரண்டாவது பேஸுக்குச் சறுக்கிக்கொண்டு போனவன் அங்கேயே தூங்கிவிட்டான். எழுப்ப மனம் வராமல் நடுவர் போர்வை கேட்டு அனுப்பினார். ஹேமர்ஸ் ஆடிய ஒரு டிசம்பரில் அவ்வளவு குளிர், நாங்கள் அவனைப் பார்த்துப் போட்ட ஊளை வாயை விட்டு வெளியே வந்ததும் உறைந்து மைதானத்தில் விழுந்துவிட்டது. ஏப்ரலில் வெயில் பட்டு உருகியபோது நடந்துகொண்டிருந்தது பேஸ்பால். முதல் நாள், முதல் பந்து, இன்னும் ஒரு தப்பும் செய்யாத ஸ்டோக்கர்ஸ் பையன்கள் மேல் பத்தாயிரம் பேரின் ஊளை ஒன்றாகக் கேட்டது. அந்த வருஷம் அவர்கள் தேறவே இல்லை.

இதையெல்லாம்கூட மன்னிக்கலாம். எங்களிடம் இருந்த ஒரே நல்ல பிட்ச்சரை, அதாவது பந்து வீசுகிறவனை, வேறு ஊருக்கு விற்றான். பதிலுக்கு ஒரு ஆளைத் தருவார்கள், பெயர் பின்னால் அறிவிக்கப்படும் என்று ஒப்பந்தம். பேஸ்பாலில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. ஆறு வருஷமாயிற்று, இன்னும் பெயரைச் சொல்லவில்லை. அவனைப் பெற்றவர்கள் இன்னும் பெயர் வைக்கவில்லை போலிருக்கிறது.

இந்த வருஷம் மே மாதம் பிளாண்டன் நகர மன்றத்துக்கு வந்தான். ஸ்டேடியம் பழசாகிவிட்டதாம், அதனால்தான் கூட்டம் வருவதில்லையாம், ஊர் வரி போட்டுப் புதுசு கட்டித் தர வேண்டுமாம். இல்லையென்றால் இரண்டு அணியையும் பாலைவனத்தில் எங்கேயோ ஒரு ஊருக்கு ஓட்டிக்கொண்டு போவானாம். ரொட்டிக்கு வரி, குழந்தைக்குக் கட்டும் துணிக்கு வரி, சவப்பெட்டிக்கு வரி. இரும்பு ஆலை மூடிக் கிடக்கிற ஊரில், பிறக்கிறவனும் சாகிறவனும் சேர்ந்து இவனுக்கு மாளிகை கட்டித் தர வேண்டும்!

செவ்வாய்க்கிழமை மன்றத்தில் ஓட்டு. அவன் பக்கம் எத்தனை பேரோ எதிர்ப்பக்கமும் அத்தனை பேர், மூன்று பேர் மட்டும் எந்தப் பக்கமும் சேராமல் இருந்தார்கள். அந்த மூவரையும் அவன் முந்தின ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்குத் தன் கண்ணாடி அறைக்கு அழைத்திருந்தான். ஊரே அணியை எவ்வளவு நேசிக்கிறது என்று காட்டுவதற்காம்.

நான் ரேடியோவுக்கு ஃபோன் போட்டேன். காலை நேர விளையாட்டு நிகழ்ச்சிக்கு நான் தினமும் பேசுகிறவன். நடத்துகிறவர் என் பெயரைக் கேட்டாலே பெருமூச்சு விடுவார்.

"சொல்லுங்க ஜிகி. இன்னிக்கு யாரைத் தூக்குல போடணும்?"

"அதே ஆளத்தான். ஆனா இன்னிக்கு யோசனையோட வந்திருக்கேன். போன வாரம் ஒருத்தன் பேசுனானே, யாரும் டிக்கெட் வாங்காதீங்க, ஸ்டேடியத்த காலியா விடுங்கன்னு? அவன் மடையன். காலியா விட்டா பிளாண்டன் என்ன சொல்லுவான்? பாத்தீங்களா, பழைய ஸ்டேடியம், ஒரு ஈ வரலம்பான்."

"அப்ப என்ன பண்ணணுங்கறீங்க?"

"நெரப்பணும்! ஒரு சீட்டு காலியா இருக்கக் கூடாது. இந்தப் பழைய ஸ்டேடியத்துக்கு நாங்க வருவோம்னு அந்த மூணு பேரும் பாக்கணும். அப்புறம் அஞ்சாவது இன்னிங்ஸ் முடிஞ்சதும் அத்தன பேரும் ஒண்ணா எந்திரிச்சு வெளிய போயிடணும். ஸ்டேடியம் பிரச்சினை இல்ல, இவன்தான் பிரச்சினைன்னு குருடனுக்கும் புரியும்."

நடத்துகிறவர் பெருமூச்சு விடவில்லை. எனக்கு முன்பு ஒருதடவைதான் அப்படி நடந்திருக்கிறது, அன்றைக்கு மின்சாரம் போயிருந்தது.

"ஜிகி, யாரு மொதல்ல எந்திரிப்பா? எல்லாரும் பக்கத்துல இருக்கவன் எந்திரிக்கட்டும்னு உக்காந்திருப்பாங்களே."

"நான் எந்திரிப்பேன். மூணாவது பேஸுக்குப் பின்னால, பதினெட்டாம் பகுதி. துறைமுகத்துல கிரேன் ஓட்டுனப்ப போட்ட மஞ்சத் தொப்பி என்கிட்ட இருக்கு. அத தலைக்கு மேல தூக்குவேன். ஏரியில கப்பல்ல போறவனுக்கே தெரியும்."

அந்த வாரம் முழுக்க ஊரில் அதுதான் பேச்சு. சலூனில், தேவாலயத்தில், பல் டாக்டரிடம் வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்தவர்களிடம்கூட. பிளாண்டன் காதுக்கும் போயிற்று. பத்திரிகைக்காரனிடம் சிரித்தானாம்: "அவங்க எங்கயும் போக மாட்டாங்க. அவங்களுக்குப் போக வேற எடம் ஏது?" அதைப் படித்துவிட்டு நான் என் காலைச் சாப்பாட்டை நாய்க்குப் போட்டேன். எங்கள் வீட்டில் நாய் கிடையாது. பக்கத்துத் தெருவுக்குப் போய்ப் போட்டுவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஸ்டேடியம் நிரம்பி வழிந்தது. பதினேழு வருஷமாகக் காலியாகக் கிடந்த மேல்மாடியில் புறாக்கள் தங்கள் குடும்பத்தோடு இடம் பெயர்ந்தன. என் இடப்பக்கம் பெர்னிஸ். வலப்பக்கம் லூதர். லூதர் ஊர்ப் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன், என்னோடு சேர்ந்து தோல்வி பார்த்தே நரைத்தவன். மஞ்சள் தொப்பி என் மடியில்.

"ஒழுங்கா தூக்குவியா? இப்பவே அத மடியில போட்டு உருட்டற" என்றான்.

"கோவத்துல உருட்டறேன். அதோ பாரு, கண்ணாடிக்குள்ள பல்லைக் காட்டிட்டு நிக்கிறான்."

"பக்கத்துல இருக்கற அந்தம்மா யாரு?"

"ஹப்பர்ட் அம்மா. மூணு பேர்ல ஒருத்தி. அவங்க அப்பா நம்ம இரும்பு ஆலையில இருந்தவர்தான்."

"அப்ப இறால் சாப்பிட மாட்டாங்க" என்று லூதர் சொன்னான். நம்பிக்கையாகத்தான் சொன்னான்.

அன்று பந்து வீசியது ஆர்வில் டேட். முப்பத்தொன்பது வயது, தொப்பை, ஒரு முழங்காலில் கட்டு. அந்த நல்ல பிட்ச்சரை விற்ற பிறகு மலிவாகக் கிடைத்தவர். அவர் எறியும் பந்து பேட்டரைப் போய்ச் சேருவதற்குள் நீங்கள் ஒரு சாஸேஜ் வாங்கிக் கடுகுச் சாந்து தடவிவிடலாம். ஆனால் அன்றைக்கு அந்தப் பந்து போகிற வழியில் கொஞ்சம் யோசித்தது. நேராகப் போய், நின்று, தலையைச் சொறிந்துகொண்டு, கீழே இறங்கியது. எதிரணிக்காரர்கள் காற்றை வெட்டினார்கள். பட்ட பந்துகள் எல்லாம் நேராக எங்கள் ஆட்கள் கையிலேயே போய் விழுந்தன. முதல் இன்னிங்ஸ், இரண்டாவது, மூன்றாவது. ஒருவன்கூட அடித்துவிட்டு முதல் பேஸில் போய் நிற்கவில்லை.

இதற்கு நடுவில் எங்கள் ஆள் ஒருவன் தப்பித்தவறி ஒரு ஓட்டம் எடுத்துவிட்டான். ஒன்றுக்குப் பூஜ்யம்.

நான்காவது இன்னிங்ஸ் முடிந்தபோது பெர்னிஸ் தான் ஆட்டக் கணக்கு எழுதும் அட்டையைக் கவிழ்த்து வைத்தாள். லூதர் பேச்சை நிறுத்தினான். எங்களுக்கு முன்வரிசைக்காரன் பர்ஸ் எடுக்க ஒரு பக்கமாகச் சாய்ந்து எழும்பியிருந்தான். அப்படியே நின்றுவிட்டான். அப்போதுதான் எனக்கும் உறைத்தது. 

ஒன்பது இன்னிங்ஸ் முழுக்க எதிரணியில் ஒருவனைக்கூட அடித்துவிட்டு பேஸுக்குப் போகவிடாமல் ஒரு பிட்ச்சர் முடித்துவிட்டால் அதற்கு ஒரு பெயர் உண்டு. பெரிய பெரிய அணிகளுக்கே எப்போதோ ஒருதடவை வாய்ப்பது. ஸ்டோக்கர்ஸ் தொடங்கி எண்பத்தாறு வருஷத்தில் எங்களுக்கு வாய்த்ததே இல்லை. அது நடந்துகொண்டிருக்கும்போது அதன் பெயரைச் சொல்லக் கூடாது. சொன்னால் கெட்டுவிடும். பிட்ச்சர் பக்கத்தில் கூட ஆடுகிறவன் உட்காரமாட்டான், கண்ணைப் பார்க்கமாட்டான். பார்க்கிற நாமும் எந்த நிலையில் இருந்தோமோ அந்த நிலையில் இருக்க வேண்டும். கால் மேல் கால் போட்டிருந்தால் எடுக்கக் கூடாது. இடத்தை மாற்றக் கூடாது. எழுந்து போவது? அதைவிட அந்த மனிதரின் கையை நாமே உடைக்கலாம். நடுவில் எழுந்து கழிப்பறைக்குப் போய், அதனால் ஒரு நோ-ஹிட்டரைக் கெடுத்த ஒருவன் என் அப்பா காலத்தில் இருந்தான். அவன் கல்லறைக்கு இன்றைக்கும் யாரும் பூ வைப்பதில்லை.

ஐந்தாவது இன்னிங்ஸ் முடிந்தது. ஒரு அடியும் இல்லை.

ஸ்டேடியம் முழுக்கப் பார்வைகள் என் பக்கம் திரும்பின. உடம்பைத் திருப்பவில்லை, கண்ணை மட்டும்.

"ஜிகி" என்றான் லூதர், உதடு அசையாமல். "அஞ்சு முடிஞ்சுது."

"எண்ணத் தெரியும் எனக்கு."

"எந்திரிக்கலையா?"

"நீ எந்திரியேன்."

"நான் எப்படிடா எந்திரிக்கறது? எனக்கு... முழங்கால் புடிச்சுக்கிச்சு."

"எனக்கும்தான்."

"உனக்கு ரெண்டு முழங்காலும் போன வருஷம்தான புதுசா வெச்சாங்க?"

"புதுசுதான் அதிகமா புடிக்குது. வாய மூடுடா."

பெர்னிஸ் மெதுவாகச் சொன்னாள்: "ஏன் ஜிகி, ஊரு பூரா உன் மூஞ்சியத்தான் பாக்குது. ரேடியோவுல அத்தன பேச்சு பேசுன."

"சரி. நீ மொதல்ல அந்தக் கால எறக்கு, நான் எந்திரிக்கறேன்."

அவள் மூன்றாவது இன்னிங்ஸிலிருந்து கால் மேல் கால் போட்டிருந்தாள். என்னைப் பார்த்தாள், நாற்பத்தாறு வருஷ மணவாழ்க்கையில் அப்படிப் பார்த்ததில்லை.

"கால எறக்கவா? உனக்குப் பைத்தியம் புடிச்சிருச்சா?"

"ஏன், என்ன நடந்துரும்?"

"ஒண்ணும் நடக்கல. ஒண்ணுமே நடக்கல இங்க. நீ பேசாம இரு."

ஆறாவது இன்னிங்ஸும் அப்படியே போயிற்று. என் மடியில் தொப்பி நெருப்பாகச் சுட்டது. செவ்வாய்க்கிழமை ஓட்டு. அந்த மூன்று பேர் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நாங்கள் எழுந்தால் ஊர் பிழைக்கும், ஆர்வில் டேட் கெடுவார். உட்கார்ந்தால் ஆர்விலுக்கு வாய்க்கும், பிளாண்டனுக்கு மாளிகை கிடைக்கும். வேறு எந்த நாளிலாவது இந்த மனுஷன் இப்படி வீசக் கூடாதா? போன வாரம் இவர் பந்தை ஒரு தபால்காரர்கூட அடித்திருப்பாரே!

ஏழாவது இன்னிங்ஸின் நடுவில் எல்லோரும் எழுந்து கைகாலை நீட்டிக்கொள்ளும் வழக்கம் உண்டு. அதுவும் பழைய வழக்கம், அதைச் செய்யாமல் விடவும் கூடாது. எழுந்தோம், பாதம் நகராமல்; பெர்னிஸ் மட்டும் போட்ட காலை இறக்காமல் என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில். முன்வரிசைக்காரன் எழும்பவில்லை, ஏற்கனவே பாதி எழும்பித்தான் இருந்தான். அப்போது பெரிய திரையில் பிளாண்டன் தெரிந்தான், கையில் மைக்கோடு.

"என் அருமை கான்ராய் ஹார்பர் மக்களே! அஞ்சாவது இன்னிங்ஸ்ல நீங்க எல்லாரும் எந்திரிச்சுப் போயிருவீங்கன்னு யாரோ சொன்னாங்க. எங்கயும் போகலயே? ஒருத்தர்கூடப் போகல! நீங்க புது ஸ்டேடியத்த எவ்வளவு ஆசையா எதிர்பாக்கறீங்கன்னு இதோ நம்ம மன்ற உறுப்பினர்களே பாத்துட்டாங்க. நன்றி!"

ஊளை போட வேண்டும். வாய் நிறைய இருந்தது. இருபதாயிரம் பேர் வாயிலும் இருந்தது. யாரும் போடவில்லை. ஆர்வில் மைதானத்து ஓரத்தில் தனியாக உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், அவருக்குக் கேட்டுவிடும். முழுங்கினோம். என் பக்கத்தில் லூதர் முழுங்கியது எனக்குக் கேட்டது, படகு முழுகுகிற சத்தம்.

"ஜிகி" என்றான், கண்ணில் தண்ணீர் நிற்க. "அவன் நம்மள வெச்சு சிரிக்கறான்டா."

"சிரிக்கட்டும்."

"செவ்வாக்கெழம ஜெயிச்சுருவான்."

"ஜெயிக்கட்டும். ஆறே ஆறு பேர். அது முடியட்டும். அப்புறம் நான் அவன் ஹெலிகாப்டர கையால புடிச்சு நிறுத்தறேன்."

ஆறு என்று நான் சொன்னது தப்புத்தான், இன்னிங்ஸுக்கு மூன்று பேர் வீதம் வெளியேற்ற வேண்டியது இன்னும் அத்தனை பேர். எதில் ஆறு என்று சொல்லவில்லை. பெர்னிஸ் என் தொடையைக் கிள்ளிய இடம் இரண்டு வாரம் நீலமாக இருந்தது.

எட்டாவது இன்னிங்ஸுக்கு ஆர்வில் நடந்து வந்தார். புறாக்கள்கூட சத்தம் போடவில்லை. கட்டுப் போட்ட காலை ஊன்றி, பந்தைக் கையில் உருட்டி, நிமிர்ந்தார்.

அப்போது பெரிய திரை பளிச்சென்று எரிந்தது. வாண வேடிக்கைப் படம் சுழன்றது. பிளாண்டனின் குரல் ஒலிபெருக்கி அத்தனையிலும் வந்தது.

"மக்களே! நம்ம அணியோட வரலாத்துலயே மொதல் தடவையா... நோ-ஹிட்டர்! ஆர்வில் டேட் இதுவரைக்கும் ஒரு அடிகூட குடுக்கல! இன்னும் ஆறே பேர்தான்! இந்த நோ-ஹிட்டரக் கொண்டாட, நாளைக்கு நம்ம கடையில தலகாணி எல்லாம் பாதி வெல!"

திரையில் அந்த எழுத்துகள். ஒவ்வொன்றும் ஒரு வீட்டளவு. கூடவே ஒரு தலையணையின் படம்.

 ஏரியில் அலை நின்றது, நான் பார்த்தேன். ஆர்வில் மெதுவாகத் தலையைத் திருப்பித் திரையைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு நெற்றியைத் துடைத்துக்கொண்டு வீசினார்.

டப் என்று ஒரு சத்தம். பந்து நடுவில் இருந்த ஆளின் தலைக்கு மேலே போய், புல்லில் விழுந்து, இரண்டு தடவை துள்ளி, தலையணை விளம்பரத்தின் கீழே போய் நின்றது. அடித்தவன் முதல் பேஸில் போய் நின்று, வெட்கத்தோடு தன் ஷூவைப் பார்த்துக்கொண்டான். அந்தப் பெயரைச் சொல்லக் கூடாது என்று எதிரணிக்காரனுக்குக்கூடத் தெரியும்.

நான் தொப்பியைத் தூக்கவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அது என் மடியிலேயே இருந்தது. பெர்னிஸ்தான் முதலில் காலை இறக்கினாள். எழுந்தாள். முன்வரிசைக்காரன் பாதியிலிருந்து முழுசாக எழும்பினான். அதற்குள் மேல்மாடி முழுக்க எழுந்துவிட்டது. ஒருவரும் கத்தவில்லை. ஊளை இல்லை, விசில் இல்லை. இருபதாயிரம் பேர் நடக்கிற காலடிச் சத்தம் மட்டும். சாஸேஜ் விற்கிறவன் தன் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு வந்தான். கதவு காக்கிறவன் கதவைத் திறந்து வைத்துவிட்டு எங்களோடு வந்தான். படியில் லூதர் ஒரே ஒரு தடவைதான் விலகினான், கழிப்பறைக்கு. திரும்பி வர ரொம்ப நேரம் ஆயிற்று.

வெளியே கார் நிற்கும் மைதானத்துக்கு வந்ததும் எல்லோரும் நின்றோம். வீட்டுக்குப் போக முடியவில்லை, ஆர்வில் உள்ளே இருக்கிறாரே. கார்க் கதவுகளைத் திறந்து வைத்து அத்தனை பேரும் ஒரே ரேடியோவைப் போட்டோம். காரோடு கொண்டுவந்திருந்த அடுப்புகளைப் பற்றவைத்தார்கள். உள்ளே காலி நாற்காலிகள் நடுவில் ஆர்வில் ஒவ்வொருத்தனாக வெளியேற்றினார். கடைசி ஆளும் அவுட்டாகி ஆட்டம் ஜெயித்ததும் ஆறாயிரம் காரின் ஹாரனும் ஒன்றாக அடித்தது. ஏரியில் தாது ஏற்றிப் போன கப்பல் ஒன்று அதைக் கேட்டுத் திரும்பி ஹாரன் அடித்தது. உள்ளே நின்ற மனிதருக்குக் கேட்டிருக்கும். கேட்டிருக்க வேண்டும்.

கொஞ்ச நேரத்தில் ஹப்பர்ட் அம்மா தன் காரைத் தேடிக்கொண்டு வந்தாள். நல்ல உடை, நல்ல ஷூ, முகம் மட்டும் வெந்துபோயிருந்தது. மஞ்சள் தொப்பியைப் பார்த்ததும் என்னிடம் வந்தாள்.

"நீங்கதான ரேடியோவுல பேசற ஜிகி?"

"ஆமாம்மா. ஒக்காருங்க." ஐஸ் பெட்டியைக் காட்டினேன்.

உட்கார்ந்தாள். லூதர் ஒரு சாஸேஜை நீட்டினான். வாங்கிக்கொண்டாள், சாப்பிடவில்லை.

"நீங்க எல்லாரும் வெளிய வந்தது புது ஸ்டேடியம் வேண்டாம்னுதான?" என்று கேட்டாள்.

நான் ஆமாம் என்று சொல்ல வேண்டியவன். வாரம் முழுக்க அதற்காகத்தானே கத்தினேன். வாயைத் திறந்தேன். "ஸ்டேடியமாம்மா?" என்றேன். "அவன் சொல்லிட்டாம்மா. வாயத் தொறந்து, மைக்குல, பேரச் சொல்லிட்டான்!"

அந்த அம்மா சாஸேஜை லூதரிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"நான் பக்கத்துல இருந்தேன் ஜிகி. வேண்டாம், சொல்லாதீங்க, சொல்லாதீங்கன்னு அவன் சட்டையப் புடிச்சு இழுத்தேன். என்னன்னு என்னையே கேக்கறான். எங்கப்பா இருந்திருந்தா அந்தக் கண்ணாடிய ஒடச்சிருப்பார்."

"நீங்க என்ன பண்ணுனீங்க?"

"இறாலத் தூக்கி அவன் மேல கொட்டிட்டு வந்தேன்."

லூதர் மரியாதைக்குத் தொப்பியைக் கழற்றினான். அவனிடம் தொப்பி இல்லை, என்னுடையதை எடுத்து மாட்டிக்கொண்டு கழற்றினான்.

செவ்வாய்க்கிழமை மன்றத்தில் அந்த மூன்று பேரும் வரிக்கு எதிராக ஓட்டுப் போட்டார்கள். ஏன் என்று கேட்டதற்கு மற்ற இருவரும் பொருளாதாரம் அது இது என்று என்னவோ சொன்னார்கள். ஹப்பர்ட் அம்மா மட்டும், "ஏன்னு பிளாண்டனுக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். பாலைவனத்து ஊர் பிளாண்டனை எடுத்துக்கொள்ளத் தயாராக இல்லை, அவர்களும் பேப்பர் படிக்கிறவர்கள்தான். எங்கேயும் போக முடியாமல் அவன் இங்கேயே இருக்கிறான், நாங்களும் இங்கேயே இருக்கிறோம்.

ஊர் பிழைத்தது, வரி தப்பியது, நீங்கள் ஜெயித்தீர்கள் ஜிகி என்று ரேடியோக்காரர் புதன்கிழமை காலையில் என்னைப் பாராட்டினார். ஊர் முழுக்கப் பாராட்டுகிறது. என் கையைப் பிடித்துக் குலுக்குகிறார்கள். குலுக்குகிற ஒவ்வொருவனிடமும் நான் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். வரியைத் திருப்பிக் கொடுக்கலாம், ஸ்டேடியத்தைக் கட்டலாம், இடிக்கலாம், விற்ற ஆளைக்கூடத் திருப்பி வாங்கலாம். அந்த எட்டாவது இன்னிங்ஸை யார் எனக்குத் திருப்பித் தருவார்? எண்பத்தாறு வருஷத்தில் ஒன்று, முழங்காலில் கட்டோடு ஒரு மனிதர் எங்களுக்காகச் செய்துகொண்டிருந்தது, அதை அவன் ஒரு தலையணைக்காக வாயில் போட்டுக் கொன்றான். அதற்கு ஓட்டு எந்த மன்றத்தில் நடக்கும், அதைச் சொல்லுங்கள் முதலில்.